அண்ணனிடம் மிஞ்சிய சொல்

செப்டம்பர் 7, செவ்வாய்

புள்ளிகள் இன்றும் நிற்கவில்லை. காலையிலிருந்து வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

அதிகாரி பின்னால் வந்து நின்று, "பாக்க அழகாத்தான் இருக்கு. என்னம்மா இது?" என்றார். நதி அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், பாவம். சொன்னேன். மலைமேல் அளவு நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஆற்றில் நீர் எவ்வளவு உயரம் என்பதை அது வானொலி அலையில் அனுப்பும். அலை ஒழுங்காக வந்து சேர்ந்தால் இந்தத் திரையில் நான்கு இடத்தில் புள்ளிகள் கும்பலாக நிற்கும். நான்கு கும்பலும் நான்கு எழுத்து மாதிரி. அந்த நான்கை வைத்துத்தான் எண்களை எழுதிப் படிப்பது. இப்போது எதுவும் நிற்காமல் சுற்றுகிறது.

"அப்ப இது எண் இல்லயா?"

"இல்ல சார். வளையல்."

அவர் சிரிக்கவில்லை. மழை தொடங்குமுன் முடியுமா என்று மட்டும் கேட்டார். முடிக்கவேண்டும். இங்கே அலையைப் பெறும் பழைய பெட்டி, வாங்கி என்போம், இடி விழுந்து எரிந்துபோனது. மலைமேல் இருப்பதும் எரிந்துபோனதும் இரண்டுமே அண்ணன் தன் கையால் சாலிடர் வைத்துச் செய்தவை. பத்து வருஷம் மூச்சுக்காட்டாமல் ஓடின. இப்போது இங்கே இருப்பது உள்ளங்கை அளவு பெட்டி. அது அலையைப் பிடித்துக் கொடுக்கும், மற்றதெல்லாம் கணினியில் நிரல். மலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் பாதை சரிந்து கிடக்கிறது. அங்கேயே தங்கியிருக்கும் காவலர் அளவுக் கம்பத்தைக் கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்கிறார். மழை வந்தால் முதலில் சாவது தொலைபேசிதான்.

மாலை அண்ணன் வீடு. பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் தவிர. தண்ணீர் கேட்டாலும் அதே, கோபம் வந்தாலும் அதே. மாரி. நாக்கு குழறுவதால் எழுதும்போது எந்த ர போடுவது என்று எனக்குக் குழப்பம். சின்ன ர என்றே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு அதில் சந்தேகமே இல்லை. "மாரின்னா மழைதானே. உங்கண்ணனுக்குத்தான் நல்ல தமிழ்ல பைத்தியமாச்சே. மழை வருது, ஜாக்கிரதைங்கறாரு."

வானிலை அறிக்கை வீட்டிலேயே இருக்கிறது என்று அண்ணியைக் கிண்டல் செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. என் வாய்க்குப் பூட்டு போடவேண்டும்.


செப்டம்பர் 8, புதன்

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.


செப்டம்பர் 11, சனி

வளையம் நின்றது!

அனுப்பும் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரு மயிரிழை வேறு வேகத்தில். அந்த மயிரிழைதான் புள்ளிகளைச் சுழற்றியது. வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கழித்ததும், பம்பரம் சாய்ந்தது போல எல்லாம் நின்றது. நான்கு மூலையில் நான்கு கும்பல். எத்தனை சுத்தம்! அண்ணனின் பெட்டி இன்னும் எவ்வளவு நேர்த்தியாகப் பேசுகிறது. கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எண்ணைப் படித்தேன். நீர்மட்டம், மலையைவிட உயரம். அடுத்தது, பூமிக்குக் கீழே. குப்பை.

எந்தக் கும்பல் முதல் எழுத்து என்று வாங்கிக்குத் தெரியாது. அதனால் படத்தைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்க்கவேண்டும். நான்கு திருப்பலில் ஒன்று சரியாக வரும், வந்தே தீரவேண்டும். நான்கிலும் குப்பை. புள்ளி இவ்வளவு தெளிவாக இருக்கிறது, பொருள் மட்டும் வரவில்லை.

இன்று பேச்சு டீச்சர் வந்திருந்தார். அண்ணனுக்குப் பயிற்சி கொடுப்பவர், அண்ணி வைத்த பெயர் அது. வாசலில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "ஒரு சொல்லு மாட்டிக்கிச்சுன்னா அதுதான் எல்லாத்துக்கும் வரும். அதுல அர்த்தம் தேடாதீங்க. தேடினா நீங்கதான் உடைஞ்சு போவீங்க."

நான் தேடவில்லை. அண்ணிதான் தேடுகிறார்.


செப்டம்பர் 13, திங்கள்

அண்ணி விழுந்துவிட்டார்.

காலையில் அண்ணனைக் குளிப்பாட்டத் தூக்கியபோது கால் வழுக்கியிருக்கிறது. இருவரும் குளியலறைத் தரையில். அண்ணியால் இடுப்பை அசைக்க முடியவில்லை. அண்ணன்தான் கத்தியிருக்கிறான். மாரி, மாரி, மாரி. கீழ்வீட்டுத் தையல்காரர் வழக்கம்போல என்று இருந்துவிட்டார். நிற்காமல் வந்ததும்தான் மேலே ஓடிவந்து கதவை உடைத்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் கனம்தானே.


செப்டம்பர் 14, செவ்வாய்

அண்ணன் மகன் வந்துவிட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவை வைத்துக்கொண்டே பேசினான். ஊர்க்கோடியில் பராமரிப்பு இல்லம் ஒன்று இருக்கிறதாம். அக்டோபர் பத்தாம் தேதி ஒரு அறை காலியாகிறதாம்.

அண்ணி, "அவரை அங்க விட்டுட்டு நான் இங்க என்னடா பண்ணுவேன்?" என்றார்.

"அம்மா, அப்பாவுக்கு எங்க இருக்கோம்னே தெரியாது. டெஸ்ட்ல சொல்லிட்டாங்க, நாம பேசறது எதுவும் புரியலைன்னு. அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

அந்தச் சோதனையின்போது நானும் இருந்தேன். மேசைமேல் படங்களைப் பரப்பி, சாவி எது, பூனை எது என்று கேட்டார்கள். அண்ணன் எதையும் சரியாகத் தொடவில்லை. பாதிப் படங்களின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் சொன்னேன்: "அவன் சொல்றது சரிதான் அண்ணி. இருந்தும் இல்லாத ஆளுக்காக, இருக்கற நீங்க ஏன் சாகணும்?"

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து நெடுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சொன்னது நியாயம்தான்.


செப்டம்பர் 16, வியாழன்

ஒரு யோசனை வந்தது, கிறுக்குத்தனமான யோசனை.

அண்ணனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலைச் சொல்லையெல்லாம் தமிழாக்கிவிடுவான். அலையை நொடிக்கு இத்தனை முறை கிள்ளி எடுத்து அளக்கிறோமே, அந்தக் கிள்ளலை ஊரே சாம்பிள் என்னும். அவன் மட்டும் மாதிரி என்பான். "நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கற?" என்று கேட்டு என் உயிரை வாங்குவான். நாக்கு குழறினால் மாதிரி என்பது மாரி ஆகாதா? நாமெல்லோரும் பேச்சில் 'அது மாரி, இது மாரி' என்றுதானே சொல்கிறோம்?

நாள் முழுக்க மாதிரி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். புள்ளிகள் கலைந்ததுதான் மிச்சம். பழைய வேகமே சரி.

பேச்சு டீச்சர் சொன்னது சரி. அர்த்தம் தேடக்கூடாது. அண்ணியைக் கேலி செய்த வாய் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.


செப்டம்பர் 18, சனி

கடைசியாக ஒரு முயற்சி என்று மடிக்கணினியையும் ஒரு ஜோடிக் கம்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு செய்தி உண்டு: இடம் வலமாக எங்கே, மேல் கீழாக எங்கே. இரண்டும் தனித்தனிக் கம்பியில் போகும். அண்ணன் முப்பது வருஷம் கட்டிய கட்டு இது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான்.

அவன் முன்னால் மேசையில் இரண்டையும் வைத்தேன். "அண்ணா, உன் பெட்டி பேசுது. எனக்குத்தான் புரியல. இதுல ஏதாவது தெரியுதா பாரு."

வெள்ளைக் கம்பியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்பு கண்முன்னே கிடக்கிறது, அதைத் தொடவேயில்லை. வெள்ளையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மாரி." மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. அப்புறம் மேசையை அடித்தான்.

"சரி சரி, மாரிதான்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன், குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மகன் இல்லத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டான். அண்ணி ஒரு பையில் சட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கியிருக்கிறார்.


செப்டம்பர் 19, ஞாயிறு

இதை நிதானமாக எழுதவேண்டும்.

மதியம் அங்கேதான் சாப்பிட்டேன். அண்ணன் தட்டில் பாதியை வைத்துவிட்டான். அண்ணி, "தினமும் இப்படித்தான். பசியே செத்துப்போச்சு" என்று தட்டை எடுக்கப் போனார். எனக்கு அந்தத் தட்டு உறுத்தியது. பசியில்லாதவன் அங்கங்கே மிச்சம் வைப்பான். இங்கே தட்டின் நடுவில் கோடு கிழித்தாற்போல இடப்பாதி சுத்தமாக வழித்திருக்கிறது, வலப்பாதியில் ஒரு பருக்கை தொடவில்லை.

"இருங்க அண்ணி" என்று தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான். சாப்பிடத் தொடங்கினான். எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

அண்ணி நின்றபடியே அழுதார். நான்கு மாதமாக இந்த மனுஷன் அரை வயிற்றோடு இருந்திருக்கிறாரே என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வலப்பக்கம் அவனுக்குத் தெரியவில்லை. கை கால் மட்டுமல்ல, பார்வையிலும் வலப்பாதி போய்விட்டது. நேற்று சிவப்புக் கம்பியை வலப்பக்கம் வைத்தேன். சோதனைப் படங்கள் பாதி வலப்பக்கம் இருந்தன. வந்தவர்கள் உட்காரும் நாற்காலி வலப்பக்கம்.

கருவியில் கோளாறு இல்லை. சோதித்த விதத்தில் கோளாறு. இதைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு? சொந்த அண்ணனிடம் மட்டும் ஏன் தோன்றவில்லை?


செப்டம்பர் 20, திங்கள்

பேச்சு டீச்சரிடம் காலையிலேயே போய்ச் சொன்னேன். அவர் உடனே வந்தார். படங்களை அண்ணனின் இடப்பக்கமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். சாவி. தொட்டான். குடை. தொட்டான். அவசரப்படுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் நிறைய நேரம் விட்டுக் கேட்டார். ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி.

அவர் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "முதல் டெஸ்ட்டிலயே கண்ணைப் பாத்திருக்கணும். கேட்ட நாங்க தப்பா கேட்டிருக்கோம்" என்றார். சப்பைக்கட்டு கட்டாமல் சொன்னதற்காக அவர்மேல் மரியாதை வந்தது.

அவர் போனபின் அண்ணனுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் முகத்தை அவன் அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இரண்டு கம்பிகளையும் அவன் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். பக்கத்தில் ஒரு பழைய பலகை, அதில் இரண்டு துளை. சிவப்பு முதல் துளைக்கு, வெள்ளை இரண்டாவதற்கு. அவன் போட்ட வழக்கம்தான்.

சிவப்பை எடுத்தான். இரண்டாவது துளையில் செருகினான். வெள்ளையை எடுத்து முதல் துளையில் செருகினான். ஒற்றைக் கையால். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து:

"மாறி."

பெரிய ற! பெரிய ற போட்டு எழுதவேண்டிய சொல்! மழையும் இல்லை, மாதிரியும் இல்லை. கம்பி மாறியிருக்கிறது. மாத்திப் போட்டிருக்கு. அதைத்தான் சொல்றான் — எத்தனை நாளா சொல்றான்?

அலுவலகத்துக்கு ஓடினேன். மலைக் காவலரைத் தொலைபேசியில் பிடித்தேன். "பெட்டியைத் திறந்து பாருங்க. சிவப்புக் கம்பி எதுல இருக்கு?"

"ரெண்டுல இருக்குங்கம்மா. வெள்ளை ஒண்ணுல. நான் தொடலைங்க, சார் போட்டது போட்டபடி இருக்கு."

"தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

நிரலில் இரண்டு பெயரை இடம் மாற்றினேன். ஒரே ஒரு வரி. திரையில் எண் வந்தது. 2.30 மீட்டர். காவலரிடம் கம்பத்தைப் பார்க்கச் சொன்னேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்து சொன்னார்: "ரெண்டு முப்பதுங்கம்மா."


செப்டம்பர் 21, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரே பதற்றம். இன்று தெளிவாக.

கம்பி மாறினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிவிடும். புள்ளிகள் அதே நான்கு மூலையில் அழகாக நிற்கும், ஆனால் இடது கால் செருப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலது காலுக்கு ஆகாதே, அதுபோல எத்தனை சுற்று சுற்றினாலும் சரியாகாது. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடிக் கோளாறு. புதிதாக வருகிறவர்களிடம் முதல் கேள்வியே "கம்பியை மாத்திட்டியா?" என்பதுதான். என் பக்கத்துக் கம்பியை முதல் நாளே பார்த்தேன், சரியாக இருந்தது. மேலே இருப்பதைச் சந்தேகிக்கத் தோன்றவேயில்லை. அண்ணன் செய்தது, பத்து வருஷம் ஓடியது.

ஓடியதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. மேலே அனுப்பும் பெட்டியிலும் மாற்றிப் போட்டிருக்கிறான், வாங்கியிலும் மாற்றிப் போட்டிருக்கிறான். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. இடி விழுந்து ஒன்று போனதும் மற்றதன் பேச்சு யாருக்கும் புரியவில்லை.

மாலையில் போய் அவனிடமே கேட்டேன். "அண்ணா, மேல தப்பா மாட்டிட்டு வந்துட்ட. கீழ வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்ப மலை ஏறச் சோம்பல். அதனால இங்கயும் மாத்திப் போட்டுட்ட. அப்படித்தானே?"

சிரித்தான்! வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனால் சிரிப்பு. தோள் குலுங்கியது. பிடிபட்ட திருடனின் சிரிப்பு.

"யானைக்கும் அடி சறுக்கும்னு கேட்டிருக்கேன். சறுக்கின இடத்துலயே யானை படுத்துக்கிட்டதை இப்பத்தான் பாக்கறேன்" என்றேன். இன்னும் சிரித்தான். அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.


செப்டம்பர் 23, வியாழன்

மகிழ்ச்சி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

பேருந்தில் வரும்போது தோன்றியது. அவனுக்குப் புரிகிறது. அப்படியென்றால் எப்போதும் புரிந்திருக்கிறது. நான்கு மாதமும். மருத்துவர்கள் கால்மாட்டில் நின்று பேசியது, மகன் இல்லத்தைப் பற்றிப் பேசியது. நான் சொன்னது.

இருந்தும் இல்லாத ஆள்.

ஐயோ, என்ன வார்த்தை சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு எழுதி வெச்சிருக்கேன். ஜன்னலையா பார்த்தான்? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, வாயைத் திறந்தா அந்த ஒத்தைச் சொல்லுதான் வரும்னு தெரிஞ்சு, பேசாம இருந்திருக்கான்.

இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.


செப்டம்பர் 25, சனி

போனேன். இடப்பக்கம் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

பேச்சு டீச்சர் பழக்கியிருக்கிறார்: ஆமாம் என்றால் கையை விரிக்கவேண்டும், இல்லை என்றால் மூடவேண்டும். அண்ணன் கையை விரித்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த விரித்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் விரலை அழுத்தினான். மன்னித்தானா தெரியாது. கேட்கவில்லை.

மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். "அத்தை, அப்பா எல்லாத்தையும் கேட்டாரா?" என்றான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.


செப்டம்பர் 28, செவ்வாய்

அண்ணி சட்டைகள் வைத்த பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டார். "இனி எங்கயும் அனுப்பமாட்டேன். இடுப்பு போனாப் போகட்டும்." நாற்காலியில் உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார். அண்ணன் அதைப் பார்க்கிறான். இப்போதெல்லாம் அவன் எதைப் பார்க்கிறான் என்று நானும் பார்க்கிறேன்.


அக்டோபர் 4, திங்கள்

மழை. நேற்று மாலையிலிருந்து ஓயவில்லை. தொலைபேசி செத்துவிட்டது, எண் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. 4.10, 4.65, 5.20. அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றே தேநீர் குடித்தார். ஐந்தரை தொட்டதும் அபாயச் சங்கை ஒலிக்கச் சொன்னார். ஆற்றோரத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதிகாரி கை கொடுத்தார். "எங்கண்ணனுக்குக் கொடுங்க சார்" என்றேன்.


அக்டோபர் 8, வெள்ளி

அதிகாரி நிஜமாகவே அண்ணன் வீட்டுக்கு வந்து கை கொடுத்தார். இடது கையில். மனிதர் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மகனும் ஊரிலிருந்து வந்திருக்கிறான். அப்பாவின் இடப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்தான். இருவரும் டிவி பார்த்தார்கள்.


அக்டோபர் 9, சனி

இல்லத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள்: நாளை அறை வேண்டுமா, வேண்டாமா? அண்ணி, "வேண்டாம்னு சொல்லியனுப்பு" என்றார். மகனும் அதற்குள் தலையாட்டிவிட்டான்.

அப்போது அண்ணன் கட்டிலைத் தட்டினான். பலமாக.

நான் கேட்டேன். நான் ஏன் கேட்டேன்? கேட்காமல் இருந்திருக்கலாம். இல்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். நான்கு மாதம் அவனைக் கேட்காமல்தானே எல்லாம் பேசினோம்.

"அண்ணா, வீட்லயே இருக்கியா?"

கையை மூடினான்.

பேச்சு டீச்சரும் இருந்தார். பதில் சில சமயம் தவறி வரும், ஒரு தடவை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றார். அவரே நிதானமாக, மாற்றி மாற்றிக் கேட்டார். அங்க போறீங்களா? விரித்தான். இங்க இருக்க விருப்பமா? மூடினான். அங்க போகப் பயமா இருக்கா? கொஞ்சம் யோசித்து, விரித்தான். பயமா இருந்தும் போறீங்களா? விரித்தான்.

அண்ணி அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னங்க தப்பு பண்ணேன்? உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

அண்ணன் அந்த ஒரே கையை நீட்டி, அண்ணியின் இடுப்பில் வைத்தான். வலிக்குப் பட்டை கட்டியிருக்கும் இடத்தில். அங்கேயே வைத்திருந்தான்.


அக்டோபர் 10, ஞாயிறு

கொண்டுபோய் விட்டோம். சுவர் அவனுக்கு வலப்பக்கம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். வாசலும் ஜன்னலும் வருகிறவர்களும் இடப்பக்கம் வரவேண்டும். அங்கே இருந்த தாதி, ஏன் என்று கேட்டார். சொன்னேன். எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தார்.


அக்டோபர் 13, புதன்

அலுவலகத்தில் வேலை அதிகம். 3.05. தண்ணீர் வடிகிறது.


அக்டோபர் 17, ஞாயிறு

அண்ணி காலையில் போய் மாலை விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேயே இருக்கிறார். வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம் போல என்று கிண்டல் செய்ய நினைத்தேன், செய்யவில்லை.

மதியம் நானும் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அண்ணி இடப்பக்க நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தார். அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அண்ணன் விழித்திருந்தான். அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் "அண்ணா" என்று வாயெடுக்கும்முன் கண்ணை என் பக்கம் திருப்பினான்.

இடது கையைத் தூக்கி, ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தான்.

நான் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.